பூஜையில் வைத்த மெயில்

ஆயுத பூஜை முடிந்த ஆறாம் நாள் எங்கள் பம்பு கம்பெனி புது சிஸ்டத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. முதலில் ஃபைல்கள் வந்தன. பிறகு நாற்காலிகள் வந்தன. மேனேஜர் மாசிலாமணி அறுபத்து மூன்று சதவீதம் வந்திருந்தார், அதாவது இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை. மீதியும் வந்துவிடும் என்று சர்க்குலர் ஒட்டியிருந்தார்கள்.

என் மெயில்கள் தலைப்போடு நின்றுவிட்டன. திறந்தால் உள்ளே வெள்ளையாக இருந்தது.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அதில் நானூற்றுப் பதினொன்று எக்கேடாவது கெட்டுப் போகட்டும். ஒன்றுதான் எனக்கு வேண்டும். அனுப்பியவள் என் தங்கை சுகந்தி. தேதி, ஆயுத பூஜை அன்று காலை. தலைப்பு, "அண்ணா, வந்துட்டேன்."

எங்கே வந்தாள்? காந்திபுரம் பஸ் ஸ்டாண்டா, ரயில்வே ஸ்டேஷனா? அது உள்ளே இருக்கிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இனி என் மூஞ்சியில முழிக்காதே" என்றேன். நல்ல வாய் எனக்கு. மறுநாளே மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அப்புறம் வீடு மாறினேன், போன் நம்பரும் மாறியது. அவளிடம் இருந்தது என் ஆபீஸ் மெயில் விலாசம் மட்டும்தான். இப்போது ஆறு நாளாக எங்கேயோ நிற்கிறாள்.

ஹெல்ப் டெஸ்க்கில் ரெஜினா மேரி இருந்தார். அவர் முன்னால் ஏழு போன்கள். எதுவும் அடிக்கவில்லை. ஏழையும் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மேடம், மெயில் உள்ள வெறுசா இருக்குதுங்க."

"ஒருக்கா அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டரையுங்களா?"

"உங்களைத்தானுங்க."

கண்ணை மூடி முப்பது எண்ணினேன். திறந்தேன்.

"இப்ப எப்படி இருக்குதுங்க?"

"அதே வெள்ளைதானுங்க."

"அப்ப அது பழைய சிஸ்டத்துலதான் கெடக்குது. பழசு பூஜையில இருக்குதுங்களே. யாரு வெச்சாங்களோ அவங்கதான் எடுக்கோணும்."

அவர் சொன்னது சரி. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் ஒரு விரற்கடை வடக்கே நகர்த்தினால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை யாரும் தொடக்கூடாது. உள்ளே இருப்பதற்கெல்லாம் மாசிலாமணி சந்தனமும் குங்குமமும் வைத்தார். நகர்த்த வேண்டிய காலையில் அவரையே புது சிஸ்டத்துக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு நாளாக எல்லாம் பூஜையிலேயே இருக்கிறது.

வெளியே இருப்பதற்குப் பொட்டு வைத்தவன் நான், மறுநாள் நகர்த்த மறந்தவனும் நான். மாசிலாமணிதான் கிண்ணத்தைக் கையில் திணித்தார். நேரமாகிவிட்டது என்று தலையைக் குனிந்தபடி வரிசையாக வைத்துக்கொண்டே போனேன். கேட், சைக்கிள்கள், லாரி, கேட்டுக்கு ஓரமாக ஏதோ ஒன்று. அந்த ஓரத்து உருப்படிக்கு அப்புறம் ஆளாளுக்கு மாலை போட்டு, இப்போது ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. ஏதோ பம்பு என்றுதான் நினைத்தோம். தினமும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.

மாசிலாமணியின் அறைக்கு ஓடினேன். நாற்காலியில் அறுபத்து மூன்று சதவீதமாக உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரு விரற்கடைங்க. வந்து நகத்திக் குடுங்க."

"காலு வரலியேப்பா."

"நான் தூக்கிட்டுப் போறனுங்க."

"பாதியில தூக்குனா மறுபடியும் சைபர்ல இருந்து வரோணும்."

"சார், என் தங்கச்சிங்க!"

அவர் பொட்டு வைத்த வலது கையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இடது கையால் கேட் பாஸ் எழுதினார். பொருள், கை. எண்ணிக்கை, ஒன்று. திருப்பித் தரப்படும்.

கையை டிபன் பையில் போட்டுக்கொண்டு பழைய சிஸ்டம் இருந்த அறைக்கு நடந்தேன். இருபது அடி வராந்தா அது. அன்றைக்கு நீண்டிருந்தது. சுவரில் சதவீதம் எழுதியிருந்தார்கள். அறுபத்து மூன்று வரை சுருக்காக வந்தது. அப்புறம் அறுபத்து மூன்று. மறுபடியும் அறுபத்து மூன்று. ஓடினேன். அறுபத்து மூன்று. செருப்பு அறுந்தது. தூக்கி எறிந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன்.

"சுகந்தி, நான் சொன்னது தப்பு கண்ணு!"

ஒன்பது வருஷம் கழித்து அப்போதுதான் அது வாயிலிருந்து வந்தது. பைக்குள்ளிருந்து மாசிலாமணியின் கை வெளியே வந்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தது. சுவர் அறுபத்து நான்கு ஆயிற்று. பிறகு கதவு வந்தது.

பழைய கம்ப்யூட்டர் வாழைக்கன்றுகளுக்கு நடுவே இருந்தது. ஸ்கிரீனில் மூன்று சந்தனப் பொட்டு. கீபோர்டின்மேல் பொரி. மாசிலாமணியின் கையை அதன்மேல் வைத்தேன். கை ஒரு விரற்கடை வடக்கே தள்ளியது. மெயில் திறந்தது.

"அண்ணா, உங்க கம்பெனி கேட்டுக்கிட்டத்தான் நிக்கிறேன். இன்னைக்குப் பூஜை, ஓரமா நில்லும்மான்னு வாட்ச்மேன் சொன்னாரு. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு வர்றாங்க. அட, நீதான் கிண்ணத்தோட வர்றே. கொஞ்சம் நிமிந்து பாருண்ணா."

படித்து முடிப்பதற்குள் நான் கேட்டில் இருந்தேன். நடுவில் வராந்தா இல்லை.

மாலைகளைப் பிய்த்தேன். "ஏனுங், பூஜையில வெச்சதுங்க!" என்று வாட்ச்மேன் துரைசாமி கத்தினார். மேலே பச்சை மாலை. கீழே போகப் போக வாடியது, அப்புறம் சருகு. சருகுக்குள் சுகந்தி நின்றாள். ஒரு கையில் சூட்கேஸ், ஒரு கையில் போன். நெற்றியில் காய்ந்த சந்தனம். என் விரல் ரேகை அப்படியே அதில் பதிந்திருந்தது.

என்னோடு வந்திருந்த மாசிலாமணியின் கை அவளைத் தள்ளிப் பார்த்தது. அவள் அசையவில்லை.

"அந்தக் கை ஆகாதுங்க. வெச்ச கைதான் நகத்தோணும்" என்றார் துரைசாமி.

தோளைப் பிடித்தேன். அவள் ஒரு விரற்கடை வடக்கே நகர்ந்தாள். கண் திறந்தது.

"அண்ணா, வந்துட்டேன்" என்றாள்.

"சாப்பிட்டியா கண்ணு? மாப்பிள்ளை எங்கே? ஏன் தனியா வந்தே?"

"அண்ணா, வந்துட்டேன்."

"நான் பேசுனதுக்கு என்னை மன்னிச்சுரு."

"அண்ணா, வந்துட்டேன்."

துரைசாமியைப் பார்த்தேன். அவர் சர்க்குலரைக் காட்டினார். கேட்டிலும் ஒன்று ஒட்டியிருந்தது, மீதியும் வந்துவிடும் என்று.

சூட்கேஸை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வெயில் ஏறியிருந்தது. உள்ளே வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் முன்னால் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து கும்பிட்டார்கள்.

"கொஞ்சம் நிமிந்து பாருங்க" என்றேன்.