பாதி திருப்பிய படம்

1

இந்தக் கதை ரோஷத்தில் பிறந்தது. என் பெரியம்மாவின் ஓவியங்களைப் பற்றி ஒருவர் பத்திரிகையில் எழுதியிருந்தார்: நாட்டுப்புற ஆட்டக்காரியாக இருந்து அரூப ஓவியரானவர், தானே கற்றவர், மௌனத்தின் மொழி அறிந்தவர் என்றெல்லாம். மௌனமாம். பெரியம்மா வாய் ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை. சொந்தத் தங்கை மகள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எவரோ எழுதுவதா என்று அன்றைக்கே பேனாவை எடுத்தேன்.

முதல் தொடக்கம் இது: 'சலங்கை ஓய்ந்த அறையில் ஒரு தூரிகை மெல்ல...'

அடித்துவிட்டேன். அவர்கள் ஆட்டத்தில் சலங்கையே கிடையாது.

இரண்டாவது: 'அவள் விழுந்த அன்றுதான் அவளுக்குள் இருந்த ஓவியர்...'

இதுவும் பொய். விழுந்த அன்று அவளுக்குள் இருந்தது கோபம் மட்டும்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2

அம்மாவும் பெரியம்மாவும் ஒரே ஆட்டக்குழு. ஆளுக்கு இரண்டு கோலோடு வட்டமாக நின்று, எதிரே இருப்பவளின் கோலில் தட்டித் தட்டி, இடம் மாறி மாறி ஆடும் ஆட்டம். அக்காவும் தங்கையும் ஜோடி. ஜனங்கள் உட்காரும் பக்கம் அம்மா, அவளுக்கு நேர் எதிரே பெரியம்மா. குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருத்தி வரவில்லை என்றால் அவள் இடத்தில் வேறு ஆளை நிறுத்தக் கூடாது. அந்த இடம் காலியாகவே இருக்கும். அவளுடைய ஜோடி காற்றில் தட்டி ஆட வேண்டும்.

ஒருநாள் அம்மா வரவில்லை. பெரியம்மா காற்றில் தட்டினாள். வேகம் ஏறியதும் பழக்க தோஷத்தில், இல்லாத கோலின் மேல் உடம்பின் பாரத்தைச் சாய்த்துவிட்டாள். முட்டி போயிற்று, அதோடு ஆட்டமும் போயிற்று.

(அம்மா வராததற்குக் காரணம், அவள் வயிற்றில் நான் இருந்தேன். பெரியம்மாவுக்குக் குழந்தை தங்கவில்லை. அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று தயங்கி, அம்மா சொல்லாமலே நின்றுவிட்டாள். பிறப்பதற்கு முன்பே மூக்கை நுழைத்த ஆசிரியர் நான்.)

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நாங்கள் குடியிருந்ததோ ஒரே தெருவில், நாலு வீடு தள்ளி.* நடுவில் ஓடியது நான்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு, மாடியில துணி நனையுதுன்னு."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு ஒங்க பெரியம்மாகிட்ட சொல்லு."

நான் சொல்லி முடிப்பதற்குள் துணி தொப்பலாக நனைந்திருக்கும்.

* இதைப் படித்த அம்மா, "அஞ்சு வீடு. இதுகூடவா தெரியாது?" என்றாள்.

3

பெரியம்மா ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலைக்குப் போனாள். உட்கார்ந்து செய்யும் வேலை. கேட்ட நிறம் வராமல் தப்பிப்போன டப்பாக்களை முதலாளி அவள் தலையில் கட்டிவிடுவார். வீட்டில் குழுவின் பழைய விரிப்பு இருந்தது. வெளியூர் மேடைகளில் விரித்து, யார் எங்கே நிற்பது என்று ஆளுக்கொரு நிறத்தில் குறி வைத்த கனத்த துணி. அந்தக் குறிகளை வைத்தவளே பெரியம்மாதான்.

மங்கிப்போன குறிகளைப் புதுப்பிக்கத்தான் ஆரம்பித்தாள். முட்டியை மடக்க முடியாது, அதனால் ஆட்டக் கோலின் நுனியில் பிரஷைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே தரையில் தீட்டினாள். பிறகு ஒவ்வொருத்தியும் எங்கிருந்து எங்கே நகர்வாள், எங்கே திரும்புவாள் என்று இழுத்தாள். துணி நிறைந்ததும் வேறு துணி வாங்கினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை.

நான் பள்ளி விட்டு நேராக அங்கேதான் போவேன். துணியில் கால் படக் கூடாது என்பதால் நிலைப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்பேன். இன்றைக்கும் பெயிண்ட் வாசனை அடித்தால் எனக்குப் பசிக்கிறது. அந்தச் சாயங்காலங்கள் திரும்பக் கிடைக்குமென்றால் எழுதியதையெல்லாம் கொடுத்துவிடுவேன்.

"இந்த மஞ்ச யாரு பெரியம்மா?"

"பால்காரர் பொண்ணு. தாளத்துக்கு முந்திக்கிட்டு ஓடுவா, அதான் கோடு நீளமா இருக்கு."

"இந்தப் பச்சை?"

"குண்டு. அவளுக்கு மூச்சு வாங்குது பாரு."

"இந்த வெள்ளை?"

"அது ஒன்னுமில்ல. ரொட்டியத் தின்னு."

எல்லாப் படத்திலும் வண்ணமே படாத ஓர் இடம் இருந்தது. பத்திரிகைக்காரர் மௌனம் என்று எழுதியது அதைத்தான். அது என் அம்மா நிற்கும் இடம்.

4

அம்மாதான் எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறாள். வில்லியாக எழுதினால் பாவமாக இருக்கிறது, பாவமாக எழுதினால் எரிச்சலாக இருக்கிறது. 'உள்ளுக்குள் அவள் தினமும்...' என்று ஒரு வாக்கியம் தொடங்கிப் பார்த்தேன். உள்ளுக்குள் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெளியே தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். தப்பைப் பார்த்துவிட்டு அவளால் சும்மா இருக்க முடியாது. குழுவில் அவள் பட்டப்பெயர் 'அளவுகோல்'. ஆடிக்கொண்டே அடுத்தவள் அடியைத் திருத்துவாளாம்.

5

படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சிலர் பெரியம்மாவுக்குக் கண்காட்சி வைத்தார்கள். "ஒங்கம்மாவுக்கு இஷ்டமிருந்தா வரட்டும்," என்று பெரியம்மா சொல்லியனுப்பினாள்.

"எனக்கு அங்க என்ன வேலை?" என்றாள் அம்மா. மறுநாள் நான் தலை வாரி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

சுண்ணாம்பு வெளுப்பில் நீளமான கூடம். ஒரு முனையில் பெரியம்மா, நாற்காலியில். எதிர்ச் சுவரில் தனியாக ஒரே ஒரு பெரிய படம். அம்மா அக்காவைப் பார்க்காமலே கூடத்தைச் சுற்றி வந்தாள். பெரியம்மா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இருவருக்கும் தலை நரைத்தாயிற்று. இன்றைக்கும் பேசாமல் போனால் இனி ஒருத்தி சாவுக்குத்தான் மற்றவள் வருவாள் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா பெரிய படத்தின் முன்னால் போய் நின்றாள்.

6

முடிவு ஒன்று: அம்மா அழுகிறாள், அக்காவும் தங்கையும் கட்டிக்கொள்கிறார்கள். (இதை அச்சில் பார்த்தால் பெரியம்மா என்னைக் கோலாலேயே சாத்துவாள்.)

முடிவு இரண்டு: அம்மா ஒன்றும் சொல்லாமல் வெளியே...

என்னால் எழுத முடியவில்லை. நடந்ததையே சொல்கிறேன்.

அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். பிறகு, நடுவில் நான் ஒருத்தி இருப்பதையே மறந்து, நேராக அக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

"தலகீழா மாட்டியிருக்க."

கண்காட்சிப் பொறுப்பாளர் சிரித்தார். "இந்த மாதிரிப் படத்துல மேல, கீழன்னு எதுவும் கிடையாதும்மா."

"நீங்க செத்த சும்மா இருங்க தம்பி. மஞ்ச எடது பக்கம் வரணும். ஜனங்க பக்கம் கீழ வரணும்." அக்காவிடம் திரும்பினாள். "காலி இடம் மேல போயிடுச்சு பாரு. அது என் இடமில்ல. உன் இடம்."

பெரியம்மா நிதானமாக எழுந்தாள். "தெரியும். நேரா மாட்டியிருந்தா நீ வாயத் தொறந்திருக்க மாட்ட."

(மாட்டியது தான்தான் என்றும், அன்று பெரியம்மா அந்தப் பக்கமே வரவில்லை என்றும் பொறுப்பாளர் பிறகு என்னிடம் சத்தியம் செய்தார். பெரியம்மாவிடம் கேட்டேன். "போயி வேலையப் பாருடி," என்றாள்.)

7

நானும் பொறுப்பாளரும் படத்தை இறக்கினோம். திருப்புவதற்கு அக்காவும் தங்கையும் எங்களை விடவில்லை. போர்வையை உதறப் பிடிப்பதுபோல ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்து, படத்தைப் படுக்கை வசமாக வைத்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். திருப்ப வேண்டுமென்றால் இருவரும் அரை வட்டம் நடந்து இடம் மாற வேண்டும்.

"அக்கா, முட்டி. மெதுவா."

"என் முட்டி எனக்குத் தெரியும். நீ அடிய எடுத்து வை."

அம்மா எடுத்து வைத்தாள். பெரியம்மாவும் வைத்தாள். இன்னொரு அடி. அப்புறம் இன்னொன்று.

இங்கே நிறுத்துகிறேன். படம் இப்போது குறுக்கே இருக்கிறது. வெள்ளை இடம் கீழே அம்மா இடத்திலும் இல்லை, மேலே பெரியம்மா இடத்திலும் இல்லை. முழுக்கத் திருப்பி மாட்டினால் காலி இடம் அம்மாவுடையது, அன்று வராமல் போனவள் அவள். தலைகீழாகவே மாட்டினால் காலி இடம் பெரியம்மாவுடையது, தங்கை வராத காரணத்தைக் கேட்க இத்தனை வருஷமும் போகாமல் இருந்தவள் அவள். இரண்டு வீட்டுச் சோறும் தின்று வளர்ந்தவள் நான், தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. அது உங்கள் பொறுப்பு.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். படம் கனம். பெரியம்மாவால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.