பொதுக் கோப்பில் மூன்று வரி

"எழுதினது நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ரிலீஸ்ல எடுக்க முடியாதும்மா" என்றார் வாட்ச்மேன். திரையில் அவருக்குப் பின்னால் ஒரு கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

வாட்ச்மேன் என்பது நாங்கள் வைத்த பெயர். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் திறமூல மென்பொருளுக்கு நூற்றுக்கணக்கானோர் சம்பளமில்லாமல் எழுதுகிறோம். எதை உள்ளே விடுவது என்பது அவர் முடிவு. வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்பே கதவைச் சாத்திவிடுவார். அதன்பின் புதிதாகக் கெட்டதைத்தான் சரிசெய்யலாம். பழைய பிழைகள் அடுத்த வெளியீடுவரை காத்திருக்க வேண்டும். ஒரே சலுகை, புதுக் கருவிக்கான டிரைவர். அதுவரை கணினியோடு பேசவே தெரியாமல் கிடந்த கருவியைப் பேசவைக்கிற நிரல் அது. ஓடாததை யாரால் கெடுக்க முடியும்? அதனால் அது மட்டும் தாமதமாக வந்தாலும் சேர்த்துக்கொள்வார்.

என்னுடையதும் புது டிரைவர்தான். அண்ணனுக்காக எழுதியது. அவனுக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ள எழுத்தை பிரெய்ல் புள்ளிகளாக விரலடியில் எழுப்பித் தரும் பலகை ஒன்றை அலுவலகத்தில் வாங்கிக் கொடுத்தார்கள். அது அங்கிருந்த கணினியோடு பேசவில்லை. வெளியீட்டில் இல்லாத எதையும் அலுவலகக் கணினியில் போட மாட்டார்களாம். அடுத்த வெளியீட்டுக்கு இரண்டு வருடம். அவனை நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று முடிவெடுக்க இன்னும் இரண்டே மாதம். அதுவரை போன் அடித்தால் எடுப்பது அவன் வேலை. "என்ன, நல்லா பொழுது போகுதா?" என்று மேலாளர் தினமும் கேட்டுவிட்டுப் போகிறார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. என்னைவிட நன்றாகப் படித்தவன் அவன். கண் தெரியாதவனுக்குப் பட்டம் எதற்கு என்று அவனைப் பள்ளியோடு நிறுத்திய அதே வாய்கள், நான் பட்டம் வாங்கிய படத்தைக் காட்டிப் பெருமை பேசின. இந்த டிரைவரில் பாதி அந்தக் கோபத்தில் எழுதியது.

எல்லா பிரெய்ல் பலகைகளும் நம்பியிருக்கும் பொதுக் கோப்பு ஒன்று உண்டு. அதில் பத்து வருடப் பிழை: பலகையைக் கழற்றி மறுபடி செருகினால் சில சமயம் கணினி அப்படியே உறைந்துவிடும். பிழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு வராது. மூன்று வரியில் சரிசெய்து, டிரைவரோடு சேர்த்து அனுப்பினேன். அந்த மூன்று வரிதான் என் கழுத்தை அறுத்தது.

"அது தப்பு சார். சரிதானே பண்ணியிருக்கேன்?"

"சரிதான்மா, யார் இல்லைன்னா? ஆனா அந்தத் தப்போடயே எல்லாரும் பழகிட்டாங்க. நீ திருத்தப்போய் வேற ஒரு பலகை நின்னா, திட்டு எனக்குத்தான். ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன், போதும்."

"போன வாரம் ஒரு கம்பெனி டிரைவரை எடுத்தீங்களே? பொதுக் கோப்பை அப்படியே காப்பியடிச்சு உள்ள சொருகியிருந்தாங்க. கண்கொண்டு பார்க்க முடியல."

"அவங்க வேற எதையும் தொடலையேம்மா."

வீட்டில் அண்ணன் கதவுச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"என்னடி, கேட்டைத் திறக்கலையா?"

சொன்னேன். கடைசிவரை கேட்டான்.

"அந்த மூணு வரியத் தூக்கிப் போட்டுட்டு, நீயும் காப்பியடி."

"அசிங்கம்டா அது."

"அசிங்கமா இருந்தா என்ன, நானா பார்க்கப் போறேன்?" என்று சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "உன் ரோஷத்தை வெச்சு நான் என்னடி பண்றது? எனக்கு வேலை வேணும்."

பொதுக் கோப்பின் அறுநூற்று நாற்பது வரிகளை அப்படியே என் டிரைவருக்குள் நகலெடுத்தேன். திருத்தத்தை அந்த நகலில் மட்டும் வைத்தேன். மூலக் கோப்பு தன் பிழையோடு அப்படியே கிடந்தது. அதற்கான மூன்று வரியைத் தனியாக அனுப்பி, அடுத்த வெளியீட்டுக்கான வரிசையில் போட்டேன். டிரைவருக்கு நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. "இப்ப சுத்தமா இருக்கு. எடுத்தாச்சு."

சுத்தமாம்!

வெளியீடு வந்தது. அண்ணனின் கணினியிலும் போட்டார்கள். பொழுது போகிறதா என்று மேலாளர் கேட்பது நின்றுபோனது. அவன் மேசைக்கு அலுவலகக் கோப்புகள் வர ஆரம்பித்தன. மாதக் கடைசியில் நிரந்தர ஆணையும் வந்தது. அதைத் தானே படித்ததாக நாலு பேரிடம் சொன்னான்.

ஒரு சனிக்கிழமை பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் லேப்டாப்பில் செருகிச் செய்தி படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், புதிதாக வந்த மெயில் ஒன்றை யோசிக்காமல் திறந்துவிட்டேன். பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். 'எங்களிடம் ஆறு பழைய பலகைகள், இருபது பிள்ளைகள். ஒரு பிள்ளை கழற்றி இன்னொரு பிள்ளை செருகும்போது கணினி நின்றுவிடுகிறது. புது வெளியீட்டில் சரியாகும் என்று காத்திருந்தோம். உங்கள் டிரைவரில் மட்டும் இந்தப் பிழை இல்லை என்கிறார்கள். எங்களுடையதில் ஏன் இருக்கிறது? உங்களுக்குத் தெரிந்திருக்கும்.'

திரையில் இருப்பதெல்லாம் அவன் விரலுக்கும் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணன் கடைசி வரிக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து தடவிப் படித்தான். என் பக்கம் திரும்பவில்லை.

"பதில் எழுது" என்றான்.

வணக்கம் என்று தட்டினேன். மேற்கொண்டு வரவில்லை. அவன் கையை எடுக்காமல் காத்திருந்தான். விரலடியில் கர்சரின் இரண்டு புள்ளிகள் மட்டும் எழும்பி, அமுங்கி, மறுபடி எழும்பிக்கொண்டிருந்தன.