வரிசையில் ஒரு ஞானி

தெளிவு தேடிப் போன கருணாகரன் ஆறு வருஷம் கழித்து, எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில், தெளிவோடு திரும்பி வந்தார். கூடவே ஒரு தாடி வந்திருந்தது. அண்ணன் அய்யாதுரையும் வந்திருந்தார். அபிராமபுரத்து மாடியில் கருணாகரனின் மனைவி சுந்தரவல்லி குடியிருந்த ஒற்றை அறைப் போர்ஷனில் மூன்று பேர் உட்கார்ந்தால் காற்று வெளியேதான் நிற்க வேண்டும்.

அய்யாதுரைக்குத் தி. நகரில் பாத்திரக்கடை. பித்தளையைப் போலவே பேச்சையும் நிறுத்துத்தான் கொடுப்பார். தராசுத் தட்டு மட்டும் அவர் பக்கமே தாழும்.

"ஞானம் அடைஞ்சவன் வாசல் தேடி வந்திருக்கான். இருந்தாலும் கட்டாயப்படுத்தலம்மா. நல்லா யோசி, வெள்ளிக்கிழம வந்து கேக்குறேன். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார். தம்பியின் பெட்டி அதற்குள் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.

சுந்தரவல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரில் யார் யாரையோ யார் யாரோடோ சேர்த்து வைப்பதுதான் வேலை. பிள்ளையில்லை. அவர் சொல்லாமல் போன புதிதில் அழுதிருக்கிறாள். பிறகு கட்டிலில் குறுக்காகப் படுக்கப் பழகிவிட்டாள். ஆனால் அன்று ஷிப்ட் முடிந்து வந்தபோது ஜன்னலில் விளக்கு எரிந்தது. "வந்துட்டியா வல்லி" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அதைக் கேட்டு நெஞ்சு இளகியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்த வாரம் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான். கபாலி கோயிலைச் சுற்றினால் மனசு தெளியும் என்றாள் கூட வேலை பார்க்கிறவள். சுற்றினாள், கால்தான் வலித்தது. பக்கத்துப் போர்ஷன் ஷகீலா மட்டும் யோசனை சொல்லவில்லை. "வந்ததுலேர்ந்து கண்ண மூடிக்கினே கீறாரே அக்கா, இது இன்னா, ஞானமா தூக்கமா?" என்று கேட்டதோடு சரி.

வியாழக்கிழமை காலை டூட்டி. "தண்ணி லாரி வந்தா ரெண்டு குடம் பிடிச்சு வைக்கிறீங்களா?" என்றாள்.

"நடக்க வேண்டியது நடக்கும்" என்றார் கருணாகரன், கண்ணைத் திறக்காமல்.

சாயங்காலம் படியேறும்போதே ஷகீலா பிடித்துக்கொண்டாள். "வரிசைல மொத ஆளா நின்னாரு அக்கா. வந்தவங்களுக்கெல்லாம் 'நீ பிடிம்மா, நீ பிடிம்மா'ன்னு வழி விட்டுக்கினே இருந்தாரு. லாரி பூட்ச்சு. பொம்பளைங்க எல்லாம் அவரக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. பொய் சொல்லக்கூடாது, நானே நாலு குடம் பிடிச்சேன்."

உள்ளே இரண்டு குடமும் காலி. மிச்சமிருந்த அரை அண்டாத் தண்ணீரில் குளித்து முடித்து, திருநீறு மணக்க உட்கார்ந்திருந்தார் கருணாகரன்.

"தாகம் எல்லாருக்கும் ஒண்ணுதானே வல்லி" என்றார்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அவரைக் கெட்டவர் என்று அவளால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. இத்தனை நாள் குழப்பமே அதுதான். நல்லவர்தான். அள்ளி அள்ளிக் கொடுக்கிறவர்தான். கொடுப்பதெல்லாம் அவளுடையதாக இருக்கும், அவ்வளவுதான். அவள் முறையை அவளைக் கேட்காமல் கொடுத்துவிடுவார். அப்போது ஆறு வருஷம், இப்போது இரண்டு குடம். அன்றிரவு தரையில் பாய் விரித்துப் படுத்தவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை அய்யாதுரை பழமும் பூவுமாக வந்தார். "யோசிச்சியாம்மா?"

"யோசிச்சேன் அத்தான். இவரு மனசுக்கு இந்தப் போர்ஷன் பத்தாது. உங்க கடைக்குக் கூட்டிட்டுப் போயி உக்கார வைங்க."

"கடைக்கா?"

"வர்றவங்களுக்கெல்லாம் ஒவ்வொரு பாத்திரமா எடுத்துக் கொடுத்துட்டு இருப்பாரு."

"குடும்பம்னா கொஞ்சம் அனுசரிச்சு..." என்று ஆரம்பித்த அய்யாதுரை, தம்பியின் சாந்தமான முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கருணாகரன் கண்ணைத் திறந்தார். "போலாமேண்ணே. எனக்கு எல்லா எடமும் ஒண்ணுதான்."

தெருமுனையில் லாரியின் ஹார்ன் கேட்டது. சுந்தரவல்லி குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"இன்னா அக்கா, சாமியார் வர்லியா?" என்றாள் வரிசையில் நின்ற ஷகீலா. "அவர நம்பி நாலு குடத்தோட வந்துகிறேன்."

மாடி ஜன்னலில் அண்ணனும் தம்பியும் நின்றிருந்தார்கள். யாரும் படியிறங்குவதாகத் தெரியவில்லை. அவள் முறை வந்தபோது, கைக்குழந்தைக்காரி ஒருத்தி பின்னாலிருந்து, "கொஞ்சம் வுடேன்க்கா" என்றாள்.

"இது ரொம்பட்டும்மா" என்றாள் சுந்தரவல்லி.

ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் முதலில் செம்மண் நிறத்தில்தான் வந்தது. அவள் குடத்தை நகர்த்தாமல், விளிம்பைப் பிடித்தபடி, அது ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.