சத்தமில்லாத எஞ்சின்

அந்த மனிதருக்குக் கடுகு என்று பேர் வைத்தவனைத் தேடிப் பிடித்து ஒரு மாலை போட வேண்டும். அப்படிப் பொரிவார். எஞ்சினைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வாசலில் வந்து நிற்கிறவனைப் பார்த்து 'வாங்க' என்று ஒரு வார்த்தை வராது. "அங்கேயே வை. உள்ள வராத, தரை துடைச்சிருக்கு" என்பார். ஆனால் சிலிண்டரைச் சரியான அளவுக்குக் கடைந்து தர அவரை விட்டால் ஆள் கிடையாது என்பது ரேஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். திட்டு வாங்கிக்கொண்டே போவார்கள், வருவார்கள்.

பெரியவனும் போனான். பஸ் டிப்போவில் மெக்கானிக். தன் கையால் கட்டிய எஞ்சினை இன்னொருத்தர் கையில் கொடுப்பது அவனுக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. ஆனாலும் சிலிண்டர் கடைகிற இயந்திரம் அவனிடம் இல்லை, என்ன செய்ய? வண்டியின் பின்பக்கம் சிலிண்டர்கள் இருக்கிற வெறும் எஞ்சின் பிளாக் கிடந்தது. கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் நான்கு புது பிஸ்டன்கள்.

எஞ்சின் அவனுடையது, ஓட்டுவது அவன் தம்பி. சின்னவன் பகலெல்லாம் ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டுவான். லீவு நாளில் ரேஸ் டிராக்கில் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய பழைய காரை ஓட்டுவான். பிறவியிலேயே ஸ்டீயரிங்கோடு வந்தவன் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். பெரியவனுக்கு ஓட்ட வராது, கட்டத்தான் வரும். தம்பி ஜெயித்தால், "எஞ்சின் யாரு கட்டினது?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவன் உயிரை வைத்துக்கொண்டிருந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

போன வருஷம் எல்லாம் குட்டிச்சுவர் ஆனது. ரேஸுக்கு முன்னால் சின்னவன் காதைத் தீட்டிக்கொண்டு, "அண்ணா, உள்ள ஏதோ தட்டுதுண்ணா" என்றான். பெரியவன், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஏறுடா" என்றான். இரண்டாவது சுற்றில் உள்ளே பிஸ்டனைத் தாங்குகிற ராடு முறிந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. ஆயில் தீப்பிடித்தது. சின்னவன் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பித்தான். இடது கை மட்டும் வெந்து போனது.

அதற்குப் பிறகு அவன் கார் பக்கமே வரவில்லை. பெரியவன் கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான், பேசாமலும் இருந்து பார்த்தான். கடைசியில் சின்னவன் ஒரு வழிக்கு வந்தான். "சத்தமே இல்லாம ஒரு எஞ்சின் கட்டிக் குடுண்ணா, ஏறுறேன். ஒரு சின்னத் தட்டல் கேட்டுச்சுன்னாலும் என்னை விட்டுடு. செத்தாலும் ஏறமாட்டேன்."

ஆக, பெரியவனுக்கு வேண்டியது ஒன்றுதான். தம்பி மறுபடி அந்தக் காரில் ஏற வேண்டும்.

கடுகு அட்டைப்பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்டனை எடுத்தார். எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடுகிற அந்த அலுமினியக் கட்டியைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி ஒரு கையில் ஏந்தித் துணியால் துடைத்தார். பிறகு அளந்தார். அவர் வழக்கம் அது. பிஸ்டன் கைக்கு வந்து அளந்து பார்க்காமல் சிலிண்டரைத் தொடமாட்டார்.

"அடிச்சு செஞ்ச பிஸ்டன் வாங்கியிருக்க. நல்ல சாமான். டர்போ இருக்கா?"

"இருக்கு சார். டர்போ குடுக்கிற கூடுதல் அழுத்தத்துக்கு வார்ப்பு பிஸ்டன் தாங்காது, அதான் இதை வாங்கினேன்."

"தாங்காதுதான். ஆனா இது சூடானா அதை விட நிறைய வீங்கும், தெரியும்ல? அதனால சிலிண்டர்ல தாராளமா இடம் விட்டுக் கடையணும். விட்டா, காலையில குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது உள்ள ஆடும். டக்டக்டக்னு தட்டும். சூடேறின பிறகு அடங்கிடும்."

பெரியவன் முகம் செத்துப் போனது. "தட்டக் கூடாது சார்."

"தட்டும்."

"கொஞ்சம் டைட்டா வச்சீங்கன்னா..."

"டைட்டா வச்சா வேகத்துல வீங்கி அப்படியே சுவரைக் கவ்விக்கும். உனக்கு எஞ்சின் வேணுமா, கல்லு வேணுமா?" கடுகு பிஸ்டனைப் பெட்டியில் வைத்தார். "சத்தம்தான் ஆகாதுன்னா டர்போவைக் கழட்டிப் போடு. வார்ப்பு பிஸ்டன் போட்டுத் தர்றேன். பூனை மாதிரி ஓடும்."

"டர்போ இல்லேன்னா கடைசியிலதான் வருவான் சார்."

"வரட்டுமே. கடைசியில வந்தாலும் வீட்டுக்கு வருவான்ல."

கடுகு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, உன் இஷ்டம். ஆனா ஒண்ணு. எஞ்சினைக் கட்டி முடிச்சு இங்க கொண்டாந்து, குளிர்ந்த எஞ்சினா ஸ்டார்ட் பண்ணணும். ஓட்டுறவன் பக்கத்துல நின்னு தன் காதால கேக்கணும். 'இதான் சத்தம், இது நல்ல சத்தம்'னு நான் அவன்கிட்ட சொல்லுவேன். அதுக்கு சம்மதம்னாதான் கடைவேன். அது தெரியாம ஓட்டி, பாதியில பயந்து காலை எடுத்து, எவனையாவது இடிச்சு வைப்பானுங்க. எனக்கு அந்தப் பாவம் வேணாம்."

இதைவிட நல்ல யோசனையை எந்த சாமி நேரில் வந்து சொல்லியிருக்கும்? தம்பியைக் கூட்டி வந்திருந்தால் போதும். அந்த சிடுமூஞ்சி நாலு திட்டுத் திட்டியே அவன் பயத்தைத் தெளிய வைத்திருப்பார். ஆனால் பெரியவன் கண்ணுக்கு வேறு ஒன்று தெரிந்தது. டக்டக் என்று கேட்டதும் சின்னவன் முகம் வெளுத்து, திரும்பி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போவது தெரிந்தது. "யோசிச்சு சொல்றேன் சார்" என்று பெட்டியை மூடினான்.

"யோசி. ஆனா யோசிக்கிறேன்னு சொல்லிட்டு வேற எவன்கிட்டயும் போய் நிக்காத" என்றார் கடுகு, ஏற்கனவே முதுகைக் காட்டிக்கொண்டு.

நேராக வேறு ஒருவனிடம்தான் போனான்.

அந்தக் கடை மெயின் ரோட்டில் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி, உட்கார சோபா. முதலாளி எல்லோரையும் 'பாஸ்' என்பான். தலையில் பூசிய கிரீமும் சட்டையும் ஒரே பளபளப்பு. "சத்தமா? நம்ம எஞ்சின் பக்கத்துல தலைகாணி போட்டுத் தூங்கலாம் பாஸ்" என்றான். ஆனால் பிஸ்டனைப் பார்த்ததும் அவனுக்கே கொஞ்சம் இழுத்தது. பளபளப்பு இருந்தாலும் தொழில் தெரியாதவன் இல்லை. "பிஸ்டன் கம்பெனிக்காரன் இதுக்கு நிறைய இடம் விடச் சொல்லுவானே பாஸ்?"

"அவங்க பயந்துகிட்டு சொல்றது அது. நான் இத்தனை வருஷமா எஞ்சின் கட்டுறேன். டைட்டாவே வை. சத்தம் வரக்கூடாது."

இது பெரியவன் வாயிலிருந்து வந்த வார்த்தை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் கட்டியதெல்லாம் பஸ் எஞ்சின்களும் வார்ப்பு பிஸ்டன்களும்தான், அதற்கெல்லாம் டைட்டான அளவு சரியாக இருந்தது, இதற்கும் இருக்கும் என்று ஒரு அசட்டுத் தைரியம். அல்லது இருக்காது என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தானோ என்னவோ. ஆசை வந்துவிட்டால் மனுஷன் தனக்குத் தானே காது குத்திக்கொள்வான்.

"கஸ்டமரே கேக்கும்போது நான் எதுக்கு வேணாம்னு சொல்லப் போறேன்?" என்று பளபளப்பு தோளைக் குலுக்கியது. கடைந்து கொடுத்துவிட்டான்.

எஞ்சினைக் காரில் ஏற்றிய அன்று சின்னவன் மனைவியோடு வந்தான். அவளுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஷெட் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரியவன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. சின்னவன் வெந்த கையை எஞ்சின் மூடி மேல் வைத்துக் கண்ணை மூடினான். அவன் உதடு எதையோ எண்ணுகிற மாதிரி அசைந்தது.

தட்டல் இல்லை, கிட்டல் இல்லை. வெண்ணெய் மாதிரி ஓடியது.

சின்னவன் கண்ணைத் திறந்தான். சிரித்தான். ஒரு வருஷமாகப் பார்க்காத சிரிப்பு. "அண்ணா, நீ மனுஷனே இல்லண்ணா!" என்று வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். பெரியவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பொய்யில்லை, அந்த நிமிஷம் அவன் தம்பியை உயிருக்கு உயிராகத்தான் நேசித்தான்.

"அத்தான்," என்றாள் அவள் வாசலில் இருந்தபடியே. "நிஜமாவே நல்லா இருக்கா? எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க."

"என்னம்மா இப்படிக் கேக்குற? அவனை விட்டா எனக்கு யாரு இருக்கா? என்னை நம்பு."

அவள் கையைக் கீழே விட்டாள். நம்பிவிட்டாள்.

மெதுவாக ஓட்டிப் பழக்குகிற வரைக்கும் எஞ்சின் தங்கமாக இருந்தது. இருக்காதா பின்னே? கோழி நடை நடந்தால் எந்த பிஸ்டன் வீங்கும்? பேக்கரி வாசலுக்குக்கூட ஒருநாள் காரைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தான் சின்னவன். தினம் ஸ்டார்ட் பண்ணிக் கேட்பான். தினமும் அதே அமைதி. ஒருநாள், "அண்ணா, நான் கேக்குறதை விட்டுட்டேன். இனிமே எனக்கு அது தேவையில்ல" என்றான். பெரியவன் அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

ரேஸ் நாளில் டிராக் ஓரச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தான். சின்னவன் பின்னால் இருந்து ஒவ்வொரு காராகத் தாண்டி வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஒருவர், "யாருப்பா எஞ்சின் கட்டினது? என்னமா இழுக்குது!" என்றார். பெரியவன், "நான்தான்" என்றான். அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு வருஷம் காத்திருந்தவன்.

நீளமான நேர்பாதை. சின்னவன் ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை அழுத்தினான்; டர்போ சீறி, எஞ்சின் அதுவரை போகாத உச்சத்துக்குப் போனது. உள்ளே பிஸ்டன்கள் வீங்கின. நகர இடமில்லை. பாதை முடிகிற வளைவுக்கு முன்னால் சின்னவன் காலை எடுத்து கியரைக் குறைத்தான். அந்த நொடியில் எஞ்சின் இறுகியது. பின்சக்கரம் இரண்டும் ஓடுகிற ஓட்டத்தில் பூட்டிக்கொண்டது. கார் பம்பரமாகச் சுற்றி, டயர் அடுக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் பின்னால் இருந்த கான்கிரீட் சுவரில் மூக்கைக் கொடுத்தது.

உயிர் பிழைத்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டிராக்காரர்கள் நசுங்கின காரைத் திருப்பித் தந்ததும் பெரியவன் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினைப் பிரித்தான். பிஸ்டன்கள் வரமாட்டேன் என்று அடம் பிடித்தன. கட்டையை வைத்து அடித்து இறக்கினான். பக்கவாட்டில் அலுமினியம் உருகி இழுபட்டு, சிலிண்டர் சுவரெல்லாம் ஈயம் பூசினது மாதிரி அப்பியிருந்தது. நான்கிலும் அப்படியே. கடுகு சொன்னது ஒரு எழுத்துப் பிசகவில்லை. பெரியவன் தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழட்டும். அழுதால் கால் முளைக்குமா?

சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு போனான். 'நான்தான்டா டைட்டா வைக்கச் சொன்னேன். எல்லாம் தெரிஞ்சும் சொன்னேன்.' அதற்கப்புறம் அவன் காறித் துப்பினாலும் சரி.

வார்டு வாசலிலேயே தம்பி மனைவி மறித்தாள். கண் இரண்டும் கோவைப்பழம். "அத்தான், அவருக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. அண்ணன் எஞ்சினைக் கெடுத்துட்டேன், அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்னு ஒரே புலம்பல். எனக்கும் ஆத்திரந்தான். கியர்கூட ஒழுங்கா போடத் தெரியாம இப்படி வாழ்க்கையவே தொலைச்சுட்டு வந்து நிக்கிறாரேன்னு நானும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். நீங்களாவது ஒரு வார்த்தை நல்லதா சொல்லுங்க."

"கியரா?" என்றான் பெரியவன்.

உள்ளே சின்னவன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு கிடந்தான். கீழ்ப்பக்கம் போர்வை ஒரு இடத்தில் தட்டையாக விழுந்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் அவனுக்கு உதடு கோணியது.

"அண்ணா... மன்னிச்சுருண்ணா. அஞ்சுலேருந்து நாலுக்குப் போட வேண்டியதை ரெண்டுல தள்ளிட்டேன் போல. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. எஞ்சின் என்ன பண்ணும் பாவம்? நீ ராப்பகலா கட்டிக் குடுத்ததை ஒரே நிமிஷத்துல நாசம் பண்ணிட்டேன்ணா."

பெரியவன் வாயைத் திறந்தான். 'அது கியர் இல்லடா' என்று சொல்லத்தான் திறந்தான். அவன் பக்கம் பேச எனக்கு மனசில்லை, ஆனாலும் அதுவரைக்கும் அவன் மனுஷன்தான்.

சின்னவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் அவள், "சொல்லுங்க அத்தான்" என்றாள். இரண்டு பேரும் அவன் வாயிலிருந்து என்ன வர வேண்டும் என்று காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அது எவ்வளவு சுலபம் என்பதும் தெரிந்தது.

"விடுடா," என்றான். "நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

சின்னவன் உடைந்துபோய் அழுதான். அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எனக்குத் தெரியும்ணா. உனக்கு அவ்வளவு பெரிய மனசுன்னு எனக்குத் தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கையை விடாமலே தூங்கிப்போனான்.

தம்பி மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் அத்தான். உக்காருங்க" என்றாள். அவன் உட்கார்ந்தான்.