கைகொடுத்து எழுந்தவர்கள்

சரோஜாவுக்குத் தாடை வலித்தது. பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவளுக்குக் கைவலி பெரிதில்லை, தாடைவலிதான் பெரிது. சோற்றை மெல்ல முடியாமல் கரைத்துக் குடித்துவிட்டுக் கூரை நிழலில் புருஷன் பக்கத்தில் சாய்ந்தாள்.

சடையன் போனில் செஸ் பார்த்துக்கொண்டிருந்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வாட்ச்மேனாக இருந்தபோது பிடித்த பைத்தியம். உலகச் சாம்பியன் போட்டி. ஒருவன் கண்ணாடி போட்டவன், இன்னொருவன் தாடிக்காரன். எதிரே ஏரி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அவளுடைய அரைத்தூக்கத்தில் பலகையும் ஏரியும் ஒன்றாகிவிட்டன. குதிரை தண்ணீருக்குள் இறங்கியது, யோசித்தது, வந்த வழியே திரும்பியது. எதிரில் ராணியும் அப்படியே. போவதும் வருவதுமாக, சேறுகூடக் கலங்காமல்.

அந்தத் தண்ணீரில் அவள் பக்கத்தில், எப்போதும் அவளோடு சேர்ந்து இறங்கும் குணசுந்தரி இல்லை.

கையால் இறால் பிடிப்பது தனியாள் வேலையில்லை. இரண்டு பேர் தோளோடு தோள் நகர வேண்டும். ஒருத்தி கைக்குத் தப்புவது மற்றவள் கையில் விழும். ஓடைவாயில் ஒருநாள் சரோஜா ஓரடி முந்தித் தன் இறாலையும் அள்ளிவிட்டாள் என்றாள் குணசுந்தரி. நீதான் பின்தங்கினாய் என்றாள் இவள். தண்ணீருக்குள் கோடா போட்டிருக்கிறது? அன்றிலிருந்து தனித்தனி. இருவருக்குமே பறியில் அடிதான் மறைகிறது. இப்படியே போனால் செங்கல் சூளைக்குத்தான் போகணும் என்று சடையன் சொல்லத் தொடங்கியிருந்தான். சூளையில் முன்பணம் வாங்கினவர்கள் கடன் தீர்ந்து திரும்பி அவள் பார்த்ததில்லை.

போனில் இருவரும் கைகொடுத்து எழுந்தார்கள்.

"யாருய்யா கெலிச்சது?"

"யாரும் இல்ல. டிரா. நேத்தும் இதான்."

"இத்தினி நேரம் குந்திகினு ஒண்ணுமில்லாமலா எந்திரிச்சாங்க?"

"ஆளுக்கு அரை பாயிண்டு."

"டிரான்னு மொதல்ல கேட்டது யாரு?"

"கண்ணாடி. அவனுக்குத்தான் ஒரு சிப்பாய் ஜாஸ்தி."

"ஜாஸ்தி வெச்சிகினு கேட்டானா? லூசா அவன்?"

"இன்னும் நூறு தபா நவுத்தினாலும் இதே எடந்தான்னு தெரிஞ்சிகினான். நாளைக்கும் அதே ஆளோடதான ஆடணும்."

குணசுந்தரி முதலில் பேசட்டும் என்றுதான் இத்தனை நாள் சரோஜா காத்திருந்தாள்.

மறுநாள் ஓடைவாயில் குணசுந்தரி முன்பே இறங்கியிருந்தாள். சரோஜா போய் அவள் பக்கத்தில் குந்தினாள்.

"யக்கா, சேந்து போலாம்."

குணசுந்தரி வாயிலிருந்து பறியை எடுத்தாள். "நீதான்டி முந்தின."

"நீ அதையே சொல்லிகினு இரு. நானும் என்னுத சொல்லிகினு இருக்கேன். நவுரு."

"வாய் மட்டும் கொறையல." பறியைக் கடித்துக்கொண்டு குணசுந்தரி நகர்ந்தாள்.

தோள் உரசியது. மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, அடிச்சேறு குளிர்ந்தது. தூரத்தில் பூநாரைகள் அசையாமல் நின்றன. விரலுக்கு விரல் இறால் தட்டுப்பட்டது. இருவரும் நிமிரவில்லை.

வெயில் ஏறும் நேரம் சரோஜாவின் உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறியது. அலறினாள். வாயிலிருந்து விழுந்த பறி கவிழ்ந்து, பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போனது. குணசுந்தரி பறியை எட்டிப் பிடித்து அவளைக் கரையில் உட்காரவைத்தாள்.

முள் குத்தியவளுக்கு அன்று பிடித்ததில் பாதியைப் பக்கத்திலிருப்பவள் கொடுக்க வேண்டும். குத்துப்பட்டவள் கை தேறியதும் அதைத் திருப்ப வேண்டும். அவர்களுக்குள் அதுதான் வழக்கம்.

திரும்ப இறங்கிய குணசுந்தரி பொழுது சாயும்போது கரையேறி, தன் பறியைச் சரோஜாவின் பறிமேல் சாய்த்தாள். இறால்கள் ஒன்றின்மேல் ஒன்று துள்ளின. அரைப் பறி. சரோஜா அவளுக்குத் திருப்பித் தர வேண்டியது.