மஞ்சள் சீட்டு

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் எனக்கு மூக்கு வேர்த்துவிடும். ஆகவே மாட்டு டாக்டர் கதையை என்னைவிட யாரும் முழுதாகச் சொல்லிவிட முடியாது.

கோழி நோய் மனிதருக்குத் தாவினால் என்ன செய்வது என்று கற்றுத்தர வெளிநாட்டிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். மூன்று நாள் ஒத்திகை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளை அங்கி, கண்ணாடி, இரட்டைக் கையுறை சகிதம் தெருவில் நடந்தார்.

"என்ன டாக்டரே, நிலாவுக்கா கெளம்பிட்டீங்க?" என்றார் கோழிக்கடைக்காரர். தெருவே சிரித்தது.

சிரித்தவர் கடையில் ஒரு வாரமாகக் கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. வாடிக்கை போய்விடுமென்று புருஷனும் பெண்டாட்டியும் மூச்சு விடவில்லை. செத்ததையெல்லாம் வெறுங்கையால் அள்ளிப் புதைத்தவள் அவர் பெண்டாட்டிதான்; தெருவுக்கே அவள் அக்கா. ஒத்திகையின் மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல், மூச்சிரைப்பு. பயிற்சிக்காரர்கள் அன்று மதியமே விமானம் ஏறிவிட்டார்கள்.

கோழிக்கு அந்த நோய்தான் என்று ஆய்வகத் தாள் வந்தால்தான் பூட்டிவைத்த மருந்தைத் திறப்போம் என்றது ஆஸ்பத்திரி.

டாக்டர் ஓடிப்போய்ச் செத்த கோழியின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு, குப்பியில் போட்டார். சீட்டில்லாத குப்பியை ஆய்வகம் வாங்காது. அவரிடம் இருந்ததோ பயிற்சிக்குத் தந்த மஞ்சள் சீட்டுகள்தான். 'ஒத்திகை' என்று அச்சடித்தவை. பேனாவால் அதை அடித்துவிட்டு ஒட்டி, ஐஸில் வைத்து அனுப்பினார். ஐஸ் ஈரத்தில் பேனா மை கரைந்து, அச்சடித்த 'ஒத்திகை' மட்டும் நின்றது.

மறுநாள் ஆய்வகத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். நடுத்தெருவில் நின்று கத்தினால் எனக்குக் கேட்காதா?

"இது நெஜம்ங்க! இங்க ஒரு பொம்பள உசுருக்குப் போராடுது!"

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க," என்று சிரித்தது அந்தப் பக்கம். "நெஜம் மாதிரியே பேசணும்னு உங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்களா?"

டாக்டர் வேறு குப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவரே பஸ் ஏறினார். தாளோடு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் அக்காவைக் கண்ணாடி மூடிய பெட்டியில் வைத்து, யாரையும் கிட்டே விடாமல் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மீதிக் கோழிகளைக் கொல்ல டாக்டர் அதே வெள்ளை அங்கியில் வந்தார். யாரும் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்த கோழிக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுவும் ஒத்திகைதானா டாக்டரே?"

டாக்டரின் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருந்தது. கையுறையோடு அதைத் துடைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். துடைக்காமலே குனிந்து, கூண்டைத் தடவித் தடவித் திறந்தார்.