ஜெட்டி இருக்கிற ஊர்

கப்பல் கண்ணெதிரே நின்றது. நின்றது என்று சொல்வதுகூடத் தப்பு, தள்ளாடியது. மேற்குக் காற்று அலையை அள்ளி அள்ளி கப்பல் அணைவதற்கென்று வாத்முரி ஊரில் கட்டிய புத்தம்புது கான்கிரீட் ஜெட்டியில் அறைந்துகொண்டிருந்தது. ஊர்த்தலைவன் மெல்கியோர் அதன் நுனியில் தொப்பலாக நனைந்து, வயர்லெஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

கப்பலுக்குள் அவனுடைய அக்கா லொதுவிக்கா இருந்தாள். சவப்பெட்டியில். வைத்தியத்துக்காகப் பெரிய ஊரான சௌம்லாகிக்குப் போனவள், ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டாள். என்னை நம்ம ஊர் மண்ணில்தான் போடணும் என்று தம்பியிடம் போனில் சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

"பக்கத்துல வாங்க கேப்டன்! கயிறு புடிக்க ஆள் நிக்குது!"

"பக்கத்துல வந்தா ஒண்ணு கப்பல் ஒடையும், இல்ல ஒங்க ஜெட்டி ஒடையும். எது வேணும் தலைவரே?"

கேப்டன் ருஸ்லி கோபக்காரர் இல்லை. அவர் குரலிலும் அலுப்புத்தான் இருந்தது. ஆள் அதிகம் இல்லாத தீவுக்கெல்லாம் அரசாங்கச் செலவில் ஓடும் கப்பல் அது. லாபத்துக்கு ஓடாது, உத்தரவுக்கு ஓடும்.

"மூணு வாட்டி சுத்தி வந்துட்டேன். இன்னொரு வாட்டி முடியாது. அடுத்த தீவுல எறக்கி அங்கயே அடக்கம் பண்ணச் சொல்லவா? மருந்து போட்ட ஒடம்புதான், ஆனா ரொம்ப நாள் தாங்காது."

பின்னால் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். எல்லாருடைய கண்ணும் மெல்கியோரின் முதுகில்தான்.

ஏனென்றால் இந்த ஜெட்டி அவன் கொண்டுவந்தது. முன்பெல்லாம் ஜெட்டியே கிடையாது. கிழக்குக் காற்றில் கப்பல் வாத்முரிப் பக்கம் ஒதுங்கும், மேற்குக் காற்றில் மலைக்கு அந்தப்புறம் கெல்யார்ப் பக்கம் ஒதுங்கும். படகில் போய் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்குவார்கள். பிறகு தீவுகளுக்கிடையே கப்பல் தொழிலை வளர்க்கும் திட்டம் என்று ஒன்று வந்தது. ஒரு தீவுக்கு ஒரு ஜெட்டி, ஒரே ஒரு நிறுத்தம், மற்ற இடத்தில் நிற்கக் கூடாது. அளக்க வந்த இன்ஜினியர்கள் காற்று மாறும் மாதத்தில் வந்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எங்கே கட்டலாம் என்று கேட்டபோது, மெல்கியோர் யோசிக்கவே இல்லை, சர்ச்சுக்கு நேர் எதிரே கையை நீட்டினான். மேற்குக் காற்று எப்படி வீசும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். கெல்யாருக்குக் கிடைத்துவிடக் கூடாதே என்பதுதான் அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஊரும் அவனைத் தோளில் தூக்கி ஆடியது.

வயர்லெஸ் கரகரத்தது. கெல்யாரில் உட்கார்ந்து அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஸெஃப்னத். மெல்கியோர் மனைவியின் அண்ணன், அந்த ஊருக்குத் தலைவன்.

"என்ன மாப்ள, கப்பல் கட்ட மாட்டேங்குதா? ஜெட்டியக் கொஞ்சம் கெழக்கால திருப்பி வச்சுப் பாரேன்."

யாரோ சிரிப்பது கேட்டது. மெல்கியோர் பல்லைக் கடித்தான்.

"மச்சான், பொட்டிக்குள்ள இருக்கிறது லொதுவிக்கா அக்கா."

அந்தப் பக்கம் சட்டென்று அடங்கியது. அவள்தான் கெல்யாரின் பாதிப் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்தவள்.

"ஐயோ... அக்காவா? எங்களுக்கு யாருமே சொல்லலியேடா."

"சொல்லல. தப்புத்தான். மச்சான், ஒங்க கரைல எறக்கிக் குடு."

"என்ன? காத்துல சரியாக் கேக்கல."

கேட்டது ஸெஃப்னத்துக்கு. அந்த அலைவரிசையில் எத்தனை படகு, எத்தனை வீடு கேட்டுக்கொண்டிருக்கும் என்பதும் இருவருக்கும் தெரியும்.

"ஒங்க கரைதான் வேணும்! எங்க ஜெட்டி ஒதவாது! போதுமா?"

"போதும். கேப்டன், கெழக்கால வாங்க. இங்க கடல் தட்டுல ஊத்துன தண்ணி மாதிரி கெடக்கு. நாலு படகு ரெடி."

"கெல்யார் என் வழில இல்லையேய்யா. நான் எங்க போறேன், எங்க நிக்கிறேன்னு ஆபீஸ்ல ஒக்காந்தே பாக்குறானுங்க. வேலை போயிரும்." யாரிடமோ டீசல் இருப்பைக் கேட்டுவிட்டு வந்தார் ருஸ்லி. "சரி. காத்துக்கு ஒதுங்குனேன்னு சொல்லிக்கிறேன். சீக்கிரம் எறக்குங்க."

கப்பல் மூக்கைத் திருப்பியது.

மெல்கியோர் ஆட்களோடு மலையேறி இறங்கியபோது பெட்டி மணலில் இருந்தது. கெல்யார்ப் பெண்கள் தங்கள் நெய்த துணியைப் போர்த்தியிருந்தார்கள். ஸெஃப்னத் சோபிச் சாராயத்தைச் செத்தவளுக்கென்று கொஞ்சம் தரையில் ஊற்றிவிட்டு, மீதியை மெல்கியோரிடம் நீட்டினான். மலைப்பாதை முழுக்கப் பெட்டி தூக்கிய முன்பக்கத்துக் கம்பு ஸெஃப்னத் தோளில்தான். அடக்கம் முடிந்ததும் இரண்டு ஊரும் சேர்ந்து உட்கார்ந்து மரவள்ளி ரொட்டி தின்றது. எத்தனையோ வருஷமாக நடக்காத காரியம். அன்றைக்கே பேசி முடித்தார்கள்: மேற்குக் காற்றில் கப்பல் கெல்யாரில் நிற்க வேண்டும் என்று இரண்டு தலைவர்களும் சேர்ந்து கேட்பது.

"கொப்பரை ஊசிப் போய் நாறுது மாப்ள. பொட்டச்சிங்க பிரசவத்துக்குப் போக வழியில்ல. இதாவது வாங்கிக் குடு."

"வாங்கித் தரேன் மச்சான். எங்க அக்கா மேல சத்தியம்."

காற்று ஓய்ந்த பிறகு, மாகாணத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வேகப்படகில் வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். ஜெட்டி ஓரத்து மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு ஊர்க்காரர்களையும் எதிரே சாக்கு விரித்து உட்கார வைத்தார்.

"ஒங்க கோரிக்கை கெடச்சுது. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். அந்த வாரம் கப்பல் கெழக்கால போயி நின்னிருக்கு. காத்துக்கு ஒதுங்கினேன், அப்புறம் திரும்பி வந்து வாத்முரி ஜெட்டிலதான் பொட்டிய எறக்கினேன்னு கேப்டன் சொல்றாரு. திரும்பி வந்த தடம் மெஷின்ல சரியா விழல. நீங்க சொல்லுங்க தலைவரே. இங்க எறக்கினாரா, அங்க எறக்கினாரா?"

மெல்கியோர் அவரைப் பார்த்தான். "அங்கன்னா?"

"அங்கன்னா அவரு லைசென்ஸ் போச்சு. சட்டம்னா சட்டம், இல்லீங்களா?"

அங்கே என்றால் இன்னொன்றும் உண்டு. மேற்குக் காற்றில் கப்பல் கெல்யாரில் நிம்மதியாக நிற்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அக்காவே சாட்சி. ஆனால் மூன்று பிள்ளைக்காரர் ருஸ்லி, யாரோ ஒருத்தியின் பிணத்துக்காகக் கப்பலைத் திருப்பியவர்.

அதிகாரி ஸெஃப்னத் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஒங்க ஊருக்குக் கப்பல் வந்துச்சா?"

"எங்க ஊருக்கா? அதைத்தான் நீங்க நிறுத்திட்டீங்களே சார்." சொல்லிவிட்டு ஸெஃப்னத் மெல்கியோரையே பார்த்தான். நான் தப்பிச்சுட்டேன், நீ என்ன பண்ணுவே என்கிற பார்வை.

"இங்கதான்," என்றான் மெல்கியோர். "இந்த ஜெட்டிலதான் எறக்கினாரு."

"அந்த அலைலயா?"

"ஆமா சார். கயிறு கட்டி... நல்லாவே நின்னுச்சு."

கெல்யார்க்காரன் ஒருவன் எழுந்து, உட்கார்ந்திருந்த சாக்கை உதறினான்.

அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா! மேற்குக் காத்துலயே இந்த ஜெட்டி வேலை செய்யுது. அப்புறம் கெல்யார்ல எதுக்கு இன்னொரு நிறுத்தம்? அந்தக் கோரிக்கை தேவையில்லாம போச்சு." மெல்கியோரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதே மாதிரி மத்த தீவுலயும் கட்டப் போறோம். நீங்க தலைநகருக்கு வந்து எல்லாத் தலைவருங்க முன்னாடியும் பேசணும். ஒங்க ஊருதான் மாதிரி ஊர்."

"வரேன் சார்," என்றான். "எப்ப?"

"ஜனவரி நடுவுல. நல்லா மேற்குக் காத்து வீசுற சமயம். இந்த ஜெட்டிலயே கப்பல் ஏறி வந்துருங்க."

ஸெஃப்னத் வேட்டியைப் போல் சுற்றியிருந்த சாரத்தை இறுக்கிக்கொண்டு எழுந்தான். "அதுக்கென்ன சார், எங்க மாப்ள நீந்தியே வந்துருவாரு."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார், நல்ல தமாஷ்காரரப்பா நீங்க என்று. மெல்கியோரும் சேர்ந்து சிரிக்கவேண்டியிருந்தது. சிரித்து முடித்துப் பார்த்தபோது, கெல்யார்க்காரர்கள் பாதி மலை ஏறியிருந்தார்கள்.